எட்டாவது கூறு

எங்கள் தெருவில் எட்டு வீடுகள் சேர்ந்துதான் தீபாவளிக்கு ஆடு வாங்குவோம். ஆடு பார்த்துப் பிடித்து வருவது எதிர்வீட்டு மாமா. அறுத்து உரித்துத் துண்டு போடக் கறிக்கடைக்காரர் விடியலிலேயே வந்துவிடுவார். கூறு போடுவது மட்டும் அப்பா.

தராசெல்லாம் கிடையாது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நீலத் தார்ப்பாயை விரித்து, மேலே வாழையிலை பரப்பி, அப்பா குந்தி உட்காருவார். தொடைக்கறி, நெஞ்செலும்பு, ஈரல், கொழுப்பு, நல்லி என்று எல்லாவற்றிலும் எல்லாருக்கும் வருகிற மாதிரி எட்டுக் குவியல்கள் எழும்பும். ஒரு துண்டை எடுப்பார், பார்ப்பார், அடுத்த குவியலுக்கு மாற்றுவார். பென்னலூர் பக்கத்துக் கம்பெனியில் லேத் மெஷினில் நிற்கிறவர். நூலிழை வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியும் என்று மாமா பெருமையடிப்பார்.

கூறு போட்டவர் கடைசியில்தான் எடுக்க வேண்டும். இதுதான் சட்டம். ஏழு வீட்டுக்காரர்களும் தங்களுக்குப் பிடித்ததைத் தூக்கிக்கொண்டு போன பிறகு மிச்சம் இருப்பது அவருடையது. ஒரு குவியல் இளைத்திருந்தால் அது அவர் தலையில்தான் விழும். அந்தப் பயம் கையில் இருந்தால்தான் கூறு சரியாக வரும் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. எனக்குத் தெரிந்து அப்பாவுக்கு இளைத்த கூறு வந்ததே இல்லை.

தொண்ணூற்று ஒன்றாம் வருஷம் ஆடி மாதத்தில், செகண்ட் ஷிப்டில் நின்றுகொண்டிருந்தவருக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. வாயு என்று நினைத்து சோடா குடித்திருக்கிறார். சூப்பர்வைசர் விடாமல் கம்பெனி வேனில் ஏற்றி அனுப்பினார். நான்கு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: பீடி கூடாது, ஓ.டி. கூடாது, ஆறு மாதத்துக்கு அசைவமே கூடாது, ஆட்டுக்கறி அதற்குப் பிறகும் கூடாது.

பீடியை அப்பா அன்றே விட்டார். ஓ.டி.யை விட்டார். கறி என்றதும், ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஒன்று கேட்டார்.

“அப்போ தீவாளிக்குக் கூறு யாரு போடறது?”

ருசி போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இதைத்தான் கேட்டார்.

“நீயே போடேன். எங்களுக்கு ஒரு கூறு எடுத்துக்க வேண்டியதுதானே?” என்றேன் நான்.

அம்மா வெடுக்கென்று திரும்பினாள். “கறியா? நம்ம வூட்லயா? கொழம்பு கொதிக்கிற வாசன வந்தா இவரு சும்மா கெடப்பாரா? ஒரு வூட்ல ரெண்டு கொழம்பு வெக்கமாட்டேன். அவரு துன்னலன்னா யாரும் துன்ன வேணாம்.”

அப்படியாக என் கறியும் போயிற்று. என்னை யாரும் கேட்கவில்லை.

அப்போது நான் இருபது வயதுப் பெண். பி.எஸ்சி. முடித்துவிட்டு ரிசல்ட்டையும் வைத்துக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூரில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். கல்லூரியில் ஊட்டச்சத்து என்று ஒரு பாடம். அதில் சோயா பற்றி ஒரு பக்கம் இருந்தது. ஒரே பக்கம்தான், ஆனால் அது போதும் எனக்கு! நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். கடையில் மீல்மேக்கர் என்று விற்கிறார்களே, சோயா எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மாவில் செய்கிற அந்த உருண்டைகள், அவைதான் உலகத்தைக் காப்பாற்றப் போகின்றன என்று எனக்குத் தீர்மானமாகத் தெரிந்துவிட்டது. கறியைவிடப் புரதம் ஜாஸ்தி, கொழுப்பு இல்லவே இல்லை என்று சொல்லலாம். ஓர் ஆடு தின்று தீர்க்கிற தீனிக்கும் குடிக்கிற தண்ணீருக்கும் எத்தனை பேருக்கு நேராகவே சோறு போடலாம்! நம் பக்கத்து மேய்ச்சல் நிலமெல்லாம் கம்பெனிக்காரர்கள் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள், மாமா ஆடு பிடிக்க இப்போது ஆந்திரா எல்லை வரைக்கும் போகிறார், அப்படியென்றால் வருங்காலத்தில் கறி எங்கிருந்து வரும்? இதையெல்லாம் நான் அம்மாவிடம் அடுப்படியில் நின்று சொற்பொழிவாற்றினேன்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். “கொள்ளு, மொச்ச, காராமணில இல்லாதது இன்னா கீது இந்தப் பஞ்சுல?”

நல்ல கேள்வி. “மொச்சையைக் கடிச்சா கறி மாதிரி இருக்காதும்மா” என்றேன். உண்மையில் என் கவலை அதுதான். அப்பாவுக்குப் புரதம் குறையும் என்பதல்ல, கடிக்க ஒன்றும் இல்லாமல் அவர் ஒரு நாள் கடைப்பக்கம் ஒதுங்கிவிடுவாரோ என்பது. கம்பெனி கேட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் இரண்டு பரோட்டாக் கடைகள் இருந்தன.

முதல் குழம்பு படுதோல்வி. வெந்நீரில் ஊறவைத்ததைப் பிழியாமல் அப்படியே போட்டுவிட்டேன். ஒவ்வொரு உருண்டையும் குளத்தில் முங்கி எழுந்த மாதிரி நீரை வைத்துக்கொண்டு, குழம்பில் ஒட்டாமல் மிதந்தது. அப்பா ஒன்றை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார்.

“இன்னாப்பா, எப்படி?”

“மெத்தையக் கடிக்கற மாதிரி கீது கண்ணு. நல்ல மெத்தைதான்.”

இரண்டாவது தடவை உப்புப் போட்ட வெந்நீரில் கொதிக்கவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி, இரண்டு கையாலும் பிழிந்து, மறுபடி அலசிப் பிழிந்தேன். அந்தப் பச்சை வாடை போயிற்று. மூன்றாவது தடவை உருண்டைகளை இரண்டாக வெட்டி, இஞ்சி பூண்டில் வதக்கி, மசாலா அதற்குள் இறங்கட்டும் என்று மூடி வைத்தேன். அப்பா தட்டை வழித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னா கொற? சொல்லுப்பா.”

“கொற ஒண்ணும் இல்ல. எலும்பு இல்ல. உறிஞ்ச ஒண்ணும் இல்லாம எப்படித்தான் சாப்பிட்டு முடிச்சன்னு தெரிஞ்சிக்கறது?”

அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன் என்று சொன்னால் பொய். அடுத்த நிமிஷமே தோன்றிவிட்டது. முருங்கைக்காய்! மறுநாள் குழம்பில் விரல் நீளத்துக்கு முருங்கைக்காய் வெட்டிப் போட்டேன். அப்பா ஒரு துண்டை எடுத்து, நல்லியை உறிஞ்சுகிற அதே சாய்வில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி உறிஞ்சினார். சக்கையைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

புரட்டாசி வந்தது. எங்கள் வீட்டில் புரட்டாசி முதல் தேதி அன்றைக்கே கறிச்சட்டி, கறி வெட்டும் கட்டை எல்லாம் சாக்கில் சுற்றிப் பரண்மேல் ஏறிவிடும். மாதம் முழுக்க ஒருவரும் கறி தொடமாட்டார்கள். ஊரே சேர்ந்து அப்பாவுக்குத் துணை நிற்கிற மாதிரி எனக்கு இருந்தது. மூன்றாவது சனிக்கிழமை அம்மா மணிமங்கலம் பெருமாள் கோவிலுக்குப் பஸ் ஏறிவிட்டாள். நைட் ஷிப்ட் முடித்து அப்பா தூங்கி எழுந்திருந்தார். இதுதான் சமயம் என்று நான் ஒரு பரிசோதனையில் இறங்கினேன். அதுவரை சாம்பார் பொடி, மிளகாய்த் தூள் என்று போட்டு வந்தவள், அன்றைக்கு அம்மாவின் கறி மசாலாவையே வறுத்து அரைத்தேன். தனியா, மிளகு, சோம்பு, பட்டை, கிராம்பு, கசகசா, தேங்காய், ஒன்று விடவில்லை.

கொதிக்க ஆரம்பித்துப் பத்து நிமிஷம் இருக்கும். எதிர்வீட்டு அத்தை, மாமாவின் மனைவி, நெற்றியில் நாமம், ஈரத் தலையில் துண்டு, வாசலில் நின்று கத்தினாள்.

“அடிப் பாவி! பொரட்டாசி சனிக்கெழம அதுவுமா இன்னாடி பண்றே? அம்மா கோவிலுக்குப் போனதும் கறி ஆக்கறியா? அப்பன் நெஞ்சு வலி வந்து படுத்துகினு எழுந்த ஆளுடி!”

“அத்தை, இது மீல்மேக்கர்!”

“யாருகிட்ட கத வுடறே? என் மூக்கு என்ன மூக்கா, மூக்குத்தி மாட்ற ஆணியா?”

அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, குற்றவாளி மாதிரி என்னைப் பார்த்தார். அத்தை விரதம், சாப்பிட்டுப் பார்க்க முடியாது. மாமாவைக் கூப்பிட்டாள். மாமாவும் புரட்டாசிக்காரர்தான், ஆனால் விரதம் இல்லை. ஒரு துண்டைப் பயந்து பயந்து வாயில் வைத்தார்.

“கறி இல்ல” என்றார். இன்னொன்று எடுத்தார். “சத்தியமா கறி இல்ல. ஆனா மச்சான், கறி மாதிரியே கீதே, இது பெருமாளுக்குத் தப்பா, தப்பில்லையா?”

சாயந்திரம் அம்மா வந்து தீர்ப்புச் சொன்னாள். வாய்க்கு விரதம் கெடவில்லை, தெருவுக்கே மூக்கில் கெட்டுவிட்டது, ஆகவே அடுத்த சனிக்கிழமை பெருமாளுக்குப் படைக்கும் தளிகைக்கு வேண்டிய மாவு முழுக்க நான்தான் இடிக்க வேண்டும். இடித்தேன். கை கன்றிப்போயிற்று. எனக்குள் ஒரே கொண்டாட்டம். அத்தையின் மூக்கையே ஏமாற்றிவிட்டேனே!

ஐப்பசி பிறந்து தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாமா வீட்டுக்கு வந்தார். உட்காராமல் நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“மச்சான், இந்த வாட்டி ஏழு வூடுதான். கூறு...”

“நீயே போடு மாப்ள” என்றார் அப்பா, அவர் சொல்லி முடிக்கும் முன்பே.

“ஏன், அப்பா போட்டா என்ன?” என்று நான் குறுக்கே புகுந்தேன். “பங்கு இல்லாதவர் போட்டா இன்னும் நியாயமாத்தானே இருக்கும்?”

“உங்கப்பன நம்பாமலாம்மா? நாளைக்கு எவனாச்சும் ஒருத்தன், ‘அவருக்கு இன்னா, போனாலும் வந்தாலும் அவரு கூறா’ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா? அத என் காதால கேக்கணுமா நான்?”

மாமா போன பிறகு அப்பா பின்பக்கம் போனார். பரணிலிருந்து நீலத் தார்ப்பாயை இறக்கி, சோப்பு போட்டுத் தேய்த்து அலசினார். மதிலில் காயப்போட்டார். காய்ந்ததும் மூலையோடு மூலை சேர்த்து மடித்து எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு நான் வைத்த குழம்பில் முருங்கைக்காயை அவர் உறிஞ்சவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. எட்டு வீட்டுக்கும் மணக்கிற மாதிரி ஒரு தீபாவளிக் குழம்பு வைத்துவிட வேண்டும் என்று வீம்பு வந்துவிட்டது. எப்போதும் எங்கள் கூறு ஒன்றரைக் கிலோ தேறும் என்று அம்மா சொல்வாள். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் மளிகைக் கடைக்காரரிடம் ஒன்றரைக் கிலோ மீல்மேக்கர் கேட்டேன்.

“கல்யாணமாம்மா?” என்றார்.

“தீபாவளி” என்றேன். அவர் ஏன் அப்படிப் பார்த்தார் என்று அப்போது விளங்கவில்லை. அதுவரை கைப்பிடிக் கணக்கில்தான் நான் ஊறவைத்திருந்தேன். கைப்பிடிக் கணக்கில் தெரிந்தது கிலோக் கணக்கில் உறைக்கவில்லை. மிச்சம் விழுந்தால் கார்த்திகைக்கு ஆகும் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

தீபாவளி அன்று விடியலில் நான் எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்கப் போனேன். “நம்ம கூறை ஊறப்போட்டுடும்மா” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனேன். அம்மாவுக்குத் தீபாவளி என்றால் ஒன்றரைக் கிலோ. அதற்குக் கூடவும் தெரியாது, குறையவும் தெரியாது. பையை அப்படியே கவிழ்த்து, தலைக்கு ஊற்றக் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீர் அண்டாவில் கொட்டிவிட்டாள்.

நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அம்மா அடுப்படி நடுவில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அண்டா ததும்பி மேலே வந்துவிட்டது. வழித்துப் போட்டதில் ஒரு பக்கெட் நிறைந்திருந்தது. சோறு வடிக்கிற தவலையும் நிறைந்திருந்தது.

“இது இன்னாடி, வளந்துகினே போது! நிறுத்துடி இத!”

ஊறினால் மூன்று பங்குக்கு மேல் எடை கூடும் என்பதும், அப்படிக் கூடுவதெல்லாம் தண்ணீர்தான் என்பதும், ஆகவே கறியைவிடப் புரதம் ஜாஸ்தி என்று நான் அடித்த பெருமையில் பாதி அந்தத் தண்ணீரிலேயே கரைந்துவிட்டது என்பதும், அந்த அண்டா முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. வெந்நீரை வடித்துவிட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பிழிய ஆரம்பித்தேன். அம்மாவும் பிழிந்தாள். பிழிந்ததை அண்டாவிலேயே திருப்பிப் போடப் போட மலை மாதிரி குவிந்தது.

அதற்குள் பின்பக்கம் சத்தம் கிளம்பிவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பங்கு இல்லை என்றாலும் இடம் எங்கள் இடம்தான். மாமா ஏழு குவியல் வைத்து முடித்திருந்தார். ஒரு குவியலில் மூன்று நல்லி, இன்னொன்றில் வெறும் கழுத்து. ஈரல் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. முதல் குரல் அவர் மனைவியுடையதுதான்.

“இன்னாயா கூறு இது? கண்ண மூடிக்கினு போட்டியா? இதுல கடைசிக் கூறு நம்மளுதாச்சே, அந்தக் கழுத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது, மால கட்டிப் போட்டுக்கட்டா?”

“நீயே போடுடி அப்போ!”

“தெரிஞ்சவர விட்டுட்டு உன்ன உக்கார வெச்சாங்க பாரு!”

அப்பா புது வேட்டியில், காப்பிக்காக அடுப்படிப் பக்கம் வந்தவர், எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். அண்டாவைப் பார்த்தார். தவலையைப் பார்த்தார். பக்கெட்டைப் பார்த்தார்.

“இன்னா இது?”

“நம்ம கூறுப்பா” என்றேன்.

ஆடி மாதத்திலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்கவில்லை. அன்றைக்குச் சிரித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அம்மா பயந்து கையைப் பிடிக்கிற அளவுக்கு. பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார். “அந்தப் பக்கம் தூக்கு” என்றார்.

நானும் அப்பாவும் அண்டாவைப் பின்பக்கம் கொண்டுபோய் இறக்கினோம். எல்லாரும் அண்டாவை எட்டிப் பார்த்தார்கள். அப்பா தார்ப்பாயின் காலியான பக்கத்தில் எட்டு இலை போட்டார். குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் மீல்மேக்கரை அள்ளி வைக்கத் தொடங்கினார். பெரியது, சின்னது, உடைந்தது எல்லாம் கலந்து வருகிற மாதிரி. ஒன்றை எடுத்துப் பார்த்து அடுத்த இலைக்கு மாற்றினார். இரண்டு இலை தள்ளி ஒன்றைக் குறைத்தார். எலும்பு கிடையாது, ஈரல் கிடையாது, எல்லாத் துண்டும் ஒன்றுபோலத்தான். அப்படியும் பார்த்துப் பார்த்து மாற்றினார்.

“ஒரு வூட்டுக்கு ஒரு எல. கறியோட சேத்துப் போடுங்க, கறியும் தாராளமா வரும்” என்றார். “கடைசி எல என்னுது.”

அத்தை இடுப்பில் கை வைத்தாள். “அப்புறம் இன்னா பேச்சு? அண்ணனுக்கும் இப்போ கூறு கீது. கறியையும் அவரே போடட்டும்.”

“அவருக்குக் கூறு மீல்மேக்கர்ல. கறியில எங்க கீது?” என்றார் மாமா, சட்டம் விடாதவராக.

“கறியில ஒரு துண்டு ஏறுனாலும் எறங்குனாலும் ஏழு வூட்டு மீல்மேக்கரயும் திருப்பி அவர் வாசல்லயே கொட்டிடலாம். எட்டுக் கூறையும் அவரே துன்னட்டும். போதுமா?” என்று அத்தை மடக்கினாள்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். “வேணாம் தாயி. அத்தினியும் என்னால முடியாது” என்றார். அந்தப் பயம் பொய்யில்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. தார்ப்பாயைச் சுற்றிலும் சிரிப்பு. மாமா நகர்ந்து இடம் விட்டார். அப்பா ஏழு குவியலையும் ஒன்றாகக் கலைத்தார்.

கால்மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆளுக்கொரு கறிக்கூறும் ஒரு மீல்மேக்கர் கூறும் தூக்கிக்கொண்டு போனார்கள். எதை எடுப்பது என்று ஒருவரும் நின்று யோசிக்கவில்லை. கடைசி இலையை அப்பா தூக்கி என் கையில் கொடுத்தார். இளைத்திருக்கவில்லை.

இட்லிக்கு அந்தக் குழம்பைத்தான் ஊற்றிச் சாப்பிட்டோம். முருங்கைக்காய் போட்டு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தை ஒரு கிண்ணத்தை மூடி எடுத்து வந்தாள்.

“அண்ணே, மீல்மேக்கர்தான். நீ குடுத்ததுதான். பயப்படாம சாப்புடு.”

மூடியைத் திறந்ததும் வீடு மணந்தது. மீல்மேக்கர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கறிக்குழம்பிலேயே கொதித்து, கொழுப்பு மினுமினுக்க, மசாலாவோடு கறியின் சாற்றையும் குடித்துக் கொழுத்துப் போன மீல்மேக்கர். அத்தைக்கு அதில் தப்பே தெரியவில்லை. கறித் துண்டு ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கி எடுத்துத்தான் கொண்டுவந்திருந்தாள்.

அம்மா வாயைத் திறந்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோனார். ஒரு மூச்சு, நன்றாக இழுத்து. பிறகு அதை என் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தினார்.

“உன்னுது.”

“எனக்கு எதுக்குப்பா?”

“ஆடியிலேர்ந்து நீயும்தான கறி துன்னல? நான் பாக்கலன்னு நெனச்சிக்கினியா?”

அம்மா எனக்கு இன்னும் இரண்டு இட்லி வைத்தாள். அப்பா தன் தட்டில் இருந்த முருங்கைக்காயை எடுத்து, தலையைச் சாய்த்து உறிஞ்சினார். சக்கையைத் தட்டோரம் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இன்னா சொல்லுது உன் சயின்ஸு?”

வாய் நிறைய அத்தையின் மீல்மேக்கர் இருந்தது. அப்புறம் சொல்கிறேன் என்று கையைக் காட்டினேன்.